தரை இல்லாத கார்

ஆரம்பாக்கம் லாரிப் பட்டறை முதுகுக்குப் பின்னால் மறைந்தபோது வெயில் ஏறவில்லை. தோளில் ஸ்பானர் பை. இரண்டு நாள் லீவு கேட்டிருந்தேன். "அந்தத் தகர டப்பாவுக்கா லீவு? போனா அப்டியே போயிடு" என்றார் முதலாளி. போய்க்கொண்டிருந்தேன்.

அது தகர டப்பா இல்லை. வெள்ளைக்காரன் காலத்துச் சீமைக் கார். எழுபதுகளின் கடைசியில் பழவேற்காட்டில் ஒரு பாயிடம் எடுபிடியாக இருந்தேன். அவர் தாத்தா வாங்கிய கார், கொல்லையில் கோழி அடையக் கிடந்தது. "எடத்தக் காலி பண்ணு, வண்டி உன்னுது" என்றார். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? இரண்டு படகுகளைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை போட்டு, காரை ஏற்றி ஏரியைக் கடந்தோம். லைட்ஹவுஸ் குப்பத்தில் தெரிந்த மீனவர் ஒருவரின் வலைக் கொட்டகையில் நிறுத்தினேன். இஞ்சினை ஓட வைத்துவிட்டேன். கியர் பெட்டியில் ஒரு பல்சக்கரம் உடைந்திருந்தது. அதைத் தேடி மெட்ராஸ் போனவன், நெல்லூர், விஜயவாடா என்று கிடைத்த வேலையெல்லாம் செய்து ஏழு வருடம் சுற்றினேன். கடைசியில் ஆரம்பாக்கத்தில் நானே கடைசல் பிடித்துச் செய்த பல்சக்கரம் இப்போது பையில் இருந்தது. முந்தின நாள்தான் மீன் லாரி டிரைவர் சொன்னான், காரைப் பழைய இரும்புக்குப் போடப் போகிறார்கள் என்று.

பொன்னேரி வரை ரயில். அதற்குமேல் பாதி நடை, பாதி யாரோ ஏற்றிக்கொண்ட மாட்டுவண்டி, பிறகு படகு.

கொட்டகை வாசலில் மீனவரின் மனைவி வலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"வாப்பா. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

காரில் துளிகூடத் தூசி இல்லை. பார்த்ததும் எனக்குப் பெருமையாக இருந்தது.

"சும்மாவா உட்டோம்? படகு கழுவச் சொல்லோ இதையும் கழுவிடுவோம். உள்ள, வெளிய, எல்லாம்."

"எந்தத் தண்ணியிலக்கா?"

"இன்னா கேள்வி இது? ஏரித் தண்ணிதான்."

கதவைத் திறந்து உட்கார்ந்தேன். காலடித் தகடு அப்பளம்போல் நொறுங்கி, இரண்டு பாதங்களும் மணலில் இறங்கின. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

"படகுக்கு ஆவுற தண்ணி இதுக்கு ஆவாதா?"

"ஆவாதுக்கா."

"அதப் போறச்சயே சொல்றதுக்கு இன்னா? வாயில கொழுக்கட்டையா?"

கடல் கலந்த ஏரி அது, உப்புத் தண்ணீர். மரத்துக்கு உப்பு நல்லது, இரும்பை அது தின்னும். சொல்லாமல் போனவன் நான்தான்.

அவள் புருஷன் வந்தார். "நாளைக்கு இரும்புக்காரன் வரான். வித்துடு. புதுப் படகு வருது, எனக்குக் கொட்டாய் வோணும்."

"கொட்டாயக் காலி பண்றேண்ணா. வண்டிய விக்க மாட்டேன்."

"தரையே இல்லாத வண்டிய வெச்சுகினு இன்னா பண்ணுவ? நண்டு புடிப்பியா?"

சுத்தியலோடு காருக்கு அடியில் புகுந்து, வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸிஸை முனையிலிருந்து முனைவரை தட்டினேன். துரு செதில் செதிலாகக் கண்ணில் விழுந்தது. ஆனால் உள்ளே இரும்பு கணீரென்றது. இருட்டுவதற்குள் நாலு பேர் சேர்ந்து வண்டியைப் பனைமரத்தடிக்குத் தள்ளினோம். திட்டிக்கொண்டே அவரும் ஒரு கை கொடுத்தார்.

அவருடைய புதுப் படகு அங்கேயே கரையில் உருவாகிக்கொண்டிருந்தது. குப்பத்துக்கு முதல் ஃபைபர் படகு. வெட்டி எறிந்த துண்டு ஒன்று மணலில் கிடந்தது. அதை இரண்டு கற்களின் மேல் வைத்து ஏறி நின்று குதித்தேன். உடையவில்லை. உப்பு தின்ன அதில் இரும்பும் இல்லை.

விடிந்ததும் படகு கட்டும் மேஸ்திரியிடம் போய் வேலை கேட்டேன்.

"ஃபைபர் தூசு ஒடம்பெல்லாம் அரிக்கும், தாங்குவியா? முன்னாடி வந்தவன் மூணே நாள்ல ஓடிட்டான்."

"தாங்குவேன். சோறு போட்டா போதும். கூலிக்கு பதிலா மிச்சம் மீதி ஃபைபர் குடுங்க."

"அத வெச்சு இன்னா பண்ணுவ?"

"காருக்குத் தரை போடுவேன்."

அவர் சிரித்தார். கரையில் இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். தராசோடு வந்த இரும்புக்காரனை அக்காவே திருப்பி அனுப்பினாள். நான் அதற்குள் படகு அச்சுக்குள் இறங்கி, முழங்கை வரை பிசினோடு பிரஷ் தேய்க்க ஆரம்பித்திருந்தேன்.