திருப்பிக் கொடுத்த அடாப்டர்

போர் முடிந்து, மீள்குடியேறி அடம்பனில் வீடு கட்டிய பிறகு, பக்கத்து வீட்டு ரீச்சர் தன் இணைய இணைப்பை எங்களுக்கும் தந்தார். அதற்கு என் பழைய கணினியில் ஒரு வை-ஃபை அடாப்டர் பூட்ட வேண்டியிருந்தது. மன்னாரில் கணினிக் கடை வைத்திருந்தவன், இடம்பெயர்ந்தோர் முகாமில் எங்களோடு ஒரே கூடாரத்தில் இருந்த சிநேகிதன்.

"உனக்கெண்டே எடுத்து வைச்சனான், மச்சான். புதுச் சாமான்," என்று தந்தான்.

இறுவட்டைப் போட்டு நிறுவினேன். வெளிநாட்டிலிருக்கும் தங்கையின் முகம் திரையில் தெரிந்ததுமே இணைப்பு அறுந்துவிடும். கூரைத் தகரத்தைக் குறை சொன்னேன், கணினியைக் குறை சொன்னேன். அவனைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை.

ஒருநாள் ரீச்சர் வந்து அதைக் கழற்றிப் பார்த்தார். "இது நான் முந்தி மன்னார்க் கடையில வாங்கித் திருப்பிக் குடுத்ததெல்லோ? என்ர மகள் பூசின நகச்சாயம் கிடக்கு. பழுதெண்டு வடிவாச் சொன்னனான்."

நேரே கடைக்குப் போனேன். அவன் மறுக்கவில்லை.

"ஆருக்காவது விக்கத்தானே வேணும்? நீயெண்டால் சண்டை பிடிக்கமாட்டாய்."

அடாப்டரை மேசையில் வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

பின்னேரம் ரீச்சர் வீட்டிலிருந்து தங்கையோடு கதைத்தேன். முகாமில் அவனை அண்ணா என்று கூப்பிட்டவள், "அண்ணா சுகமா இருக்கிறாரோ?" என்று கேட்டாள்.

"ஓம், சுகமா இருக்கிறான்," என்றேன்.