கழுத்துக்குள் குடிவந்த மாப்பிள்ளை

மருதமுனையில் கலியாணம் பேசும் ஆதம்லெவ்வை, மூன்று தலைமுறையைக் கிண்டாமல் எந்த மாப்பிள்ளையையும் பெண் வீட்டு வாசல் மிதிக்க விடமாட்டார். அந்த மனிதர்தான் கடைவாய்ப் பல் வலித்த போதெல்லாம் அலுமாரியில் கிடந்த அமொக்சிசிலின் என்ற கிருமிக்கொல்லிக் குளிசையில் இரண்டை விழுங்கி, வலி விட்டதும் நிறுத்தினார். நாலு வருசமாக இதே கூத்து.

கடைசியில் பல்லிலிருந்த கிருமிகள், பெண் வீட்டில் குடியேறும் நம்மூர் மாப்பிள்ளைகளைப் போல, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கழுத்துக்குள் குடிவந்துவிட்டன. கழுத்து பலாக்காயாய் வீங்கியது. ஊரையே பேசிச் சம்மதிக்க வைத்த வாய் திறக்க மறுத்தது. ஆஸ்பத்திரியில் கழுத்தைக் கீறி, சீழை எடுத்து லாபுக்கு அனுப்பினார்கள்.

மூன்றாம் நாள் டொக்டர் றிஸ்மினா அறிக்கையோடு வந்தார்.

"காக்கா, ரெண்டு மூணு விதக் கிருமி கூட்டா இரிக்கி. நீங்க ரெண்டு ரெண்டாப் போட்டுப் போட்டு, அமொக்சிசிலினை இதுகள் சட்டையே பண்ணுதில்ல. வேற மருந்து மாத்திறம்."

ஆதம்லெவ்வை கடதாசியில் எழுதிக் காட்டினார்: 'ஆளை நல்லா விசாரிச்சீங்களா?'

"ஓம் காக்கா. மூணு நாளா லாபில அந்த விசாரணைதான் நடந்த."

அவர் திருப்தியோடு ஊசிக்குக் கையை நீட்டினார். டொக்டர், கட்டிலருகே நின்ற ஆதம்லெவ்வையின் மனைவி ஹாஜறாவிடம் திரும்பினார்.

"ராத்தா, வீட்டில மிச்சமிரிக்கிற அந்தக் குளிசைய வெச்சிரிக்க வேணாம்."

"எங்க டொக்டர் மிச்சம்? பக்கத்து வீட்டாக்களுக்குத் தடிமன், மூக்கடைப்பு எண்டாங்க. ரெண்டு ரெண்டாப் போடச் சொல்லிக் குடுத்திட்டன்."