மாசி வரை பொறுத்த விண்ணப்பம்

மருதனார்மடச் சந்தியில் மணப்பெண் அலங்காரக் கடை வைத்திருக்கும் பிரசாந்திக்கு, அவசரம் என்பது மற்றவர்களுடைய வியாதி. முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம் இருக்கும்போது வாசலில் மாப்பிள்ளை வீட்டார் குதிப்பார்கள். அவளோ ஆறுதலாகப் பெண்ணுக்கு மை தீட்டிக்கொண்டிருப்பாள். பதினொரு வருடத்தில் ஒரு தாலியும் அவளால் பிந்தியதில்லை.

போன மார்கழியில் பக்கத்து அறை காலியானது. அதையும் எடுத்து ஏசி பூட்டினால், வைகாசியில் கனடாவிலிருந்து வரும் பெண்கள் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து வியர்த்து வடிய வேண்டியதில்லை. அவள் பெயரில் வங்கியில் ஐந்து லட்சம் வரை எடுத்துக் கட்டும் கடன் வசதி ஒன்று ஏற்கெனவே உண்டு. கலியாணமில்லாத மாதங்களில் அதில்தான் கடை ஓடும். இப்போது இன்னொன்று கேட்க வேண்டும். எப்போது கேட்பது என்பதுதான் யோசனை. அறைச் சொந்தக்காரர் முருகேசு பங்குனிக்கு மேல் ஒரு நாளும் பொறுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

“மூண்டு வங்கியிலையும் ஒரேயடியாப் போடு பிள்ளை. ஒண்டிலையாவது விழும்,” என்றார் அக்காவின் புருஷன் சண்முகநாதன். அச்சுவேலியில் வெங்காயப் பயிர் செய்பவர். ஊருக்கெல்லாம் புத்தி சொல்ல நேரமுள்ளவர்.

பிரசாந்தி எங்கும் போடவில்லை. மூன்று இடத்தில் கேட்டால் மூன்றும் கடன் பதிவில் இருக்கும். பார்க்கிறவனுக்கு, இவளுக்கு என்ன இவ்வளவு முடை என்று சந்தேகம் வரும். பதறாத காரியம் சிதறாது. முதலில் தன்னுடைய கடன் பதிவறிக்கையை எடுத்துப் பார்த்தாள். அவள் பட்ட கடனில் ஒரு தவணையும் பிந்தவில்லை. கீழே, அவள் பிணை நின்ற கடனில் மூன்று தவணை நிலுவை. அது அத்தான் லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்துக்கு எடுத்த கடன்.

அச்சுவேலி பஸ்ஸில் இருக்கும்போது அவளுக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. கடைக்கு முதல் கண்ணாடி வாங்கித் தந்த மனுசன் அவர். அதனால்தான் கேட்டவுடன் கையெழுத்து வைத்தாள்.

“வெங்காயம் விலை ஏறட்டும் எண்டு வைச்சிருக்கிறன் பிள்ளை. உன்ரை பேரிலை விழுமெண்டு நான் நினைக்கேல்லை.”

“விழுந்திட்டுது அத்தான். வந்த விலைக்கு வித்துக் கட்டுங்கோ. விலை ஏறுமட்டும் என்ரை பேர் பொறுக்காது.”

அக்கா குசினி வாசலில் நின்று, “அவள் சொல்லுறது சரிதானே,” என்றாள். வெங்காயம் அந்தக் கிழமையே சந்தைக்குப் போனது.

பிறகும் பிரசாந்தி வங்கிப் படி ஏறவில்லை. தைக் கலியாணங்கள் ஒன்பது வந்தன. அந்தக் காசில் தன் பழைய கடனைப் பாதிக்குக் கீழே கொண்டுவந்தாள். முருகேசு இரண்டு முறை வந்து, வேறு ஆள் கேட்கிறது என்று வெருட்டிப் பார்த்தார். “பங்குனி எண்டு சொன்னது நீங்கள்தானே,” என்று சிரித்து அனுப்பினாள். மாசி பிறந்து, நிலுவை தீர்ந்தது பதிவில் ஏறியதைப் பார்த்த பிறகுதான், ஒரே ஒரு வங்கியில், ஒரே ஒரு விண்ணப்பம் கொடுத்தாள்.

கடன் பகுதி அலுவலர் நிமலினி தாள்களைப் புரட்டினாள். “மார்கழியிலை வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பன், அக்கா.”

“ஓம், தெரியும். அதுதான் வரேல்லை.”

பங்குனி முடிய ஆறு நாள் இருக்க, முருகேசு சாவியைக் கொடுத்தார்.

வைகாசியில் அந்தக் குளிர் அறைக்குள் அத்தான் வந்து இருந்தார். கையில் தண்ணீர்ப் பம்புக்கு ஒரு கடன் படிவம். “ஒரு கையெழுத்துத்தான் பிள்ளை.”

பிரசாந்தி மணப்பெண்ணின் கொண்டையில் பூக் குத்திக்கொண்டே சொன்னாள்: “லான்ட்மாஸ்ரர்க் கடனை ஒரு வருஷம் பிந்தாமல் கட்டிப்போட்டு வாங்கோ, அத்தான்.”

“வங்கிகூட ஆறு மாசம்தானே கேக்குது!”

“வங்கிக்கு நீங்கள் அத்தான் இல்லையே.”