தில்லையம்பலத்தார் கண்ட அல்ஜியர்ஸ்

லண்டனில் மிச்சம் என்ற வட்டாரத்துத் தமிழருக்கு அல்ஜியர்ஸ் நகரத்தை அறிமுகம் செய்துவைத்த பெருமை தில்லையம்பலத்தாரையே சேரும். பெற்றோல் செட்டில் காசு வாங்கும் டில்லுக்குப் பின்னால் நிற்பது வயிற்றுப்பாட்டுக்கு. உண்மையான உத்தியோகம் அல்ஜியர்ஸ்தான். எண்பத்தாறில் லண்டனுக்கு வரும் வழியில், களவாக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் அவரை ஒரு மழைக்காலம் முழுக்க அங்கே ஓர் அறையில் பூட்டி வைத்திருந்தான். ஒரேயொரு ஜன்னல். அதற்குள்ளால் பார்த்தே ஒரு தலைநகரத்தின் புவியியல், காலநிலை, மக்களின் குணநலம் எல்லாவற்றையும் கரைத்துக் குடித்துவிட்டார். கலியாணமோ செத்தவீடோ, சபை கூடினால் அல்ஜியர்ஸ் நடக்கும். "அல்ஜியர்ஸ் அண்ணை" என்றால்தான் ஊருக்கு ஆளைத் தெரியும்.

2005இல் வசந்தமலர் வீட்டுப் பிறந்தநாளுக்கு ராமு வந்தார். மலேசியாவின் பினாங்குக்காரர், பொறியியலாளர்.

"நகரத்துக்கும் கடலுக்கும் நடுவில பெரிய ஏரி," என்றார் தில்லையம்பலத்தார். "ஏரிக்கு நடுவால அணைக்கட்டில சின்ன ரயில் போகும்."

"அண்ணே, அல்ஜியர்ஸ்ல ஏரி ஏது? மலைச்சரிவு, கீழே நேரா துறைமுகம். நான் ரெண்டு வருஷம் வேலை பார்த்திருக்கேன். ஏரி, ரயில்னா அது துனிஸ். பக்கத்து நாட்டுத் தலைநகரம்லா."

சபையின் கையிலிருந்த றோல்ஸ் பலகாரம் வாய்க்குப் போகாமல் நின்றது. தில்லையம்பலத்தாருக்கு முகம் வெளிறியது. இருபது வருட உத்தியோகம்!

"ஏஜென்சிக்காரன் அல்ஜியர்ஸ் எண்டுதானே சொன்னவன்," என்றார் மெல்ல. "பாஸ்போட் அவனிட்ட. தலை நிமித்தாமல் நட எண்டவன், நடந்தனான்."

வசந்தமலர் சீறினாள். "அண்ணை சொன்னதை எழுதித்தான் என்ர மகள் தனுஷியாவுக்குப் பள்ளிக்கூடத்தில ஏ கிறேட் கிடைச்சது! வெள்ளைக்கார ரீச்சரே சரி எண்டவ."

"அந்த ரீச்சர் அங்க போயிருக்காங்களா?"

"நீர் கொம்பனி அனுப்பிப் போனனீர். அண்ணை ஏஜென்சியால போனவர்," என்றார் வசந்தமலரின் கணவர் ஞானேஸ்வரன். "ஆருக்கு ஊரை நல்லாத் தெரியும்?"

சபை ஒரே குரலில் ஓம் என்றது.

தெம்பு வந்துவிட்டது தில்லையம்பலத்தாருக்கு. ஆனாலும் நீதிமான். "ராமுத் தம்பியும் பொய் சொல்லேல்லை," என்றார். "அந்த ஏஜென்சிக் கள்ளன், என்னை இடையில ஊர் மாத்தியிருக்கிறான். அப்ப நான் ரெண்டு தலைநகரத்திலயும் இருந்திருக்கிறன்!"

"அப்ப உண்மையான அல்ஜியர்ஸ் எப்பிடி அண்ணை?" என்றார் ஞானேஸ்வரன்.

தில்லையம்பலத்தார் கண் வெட்டவில்லை. "மலைச்சரிவு. கீழ நேரா துறைமுகம்."

சபை முழுக்க ராமுவைத் திரும்பிப் பார்த்தது.

"கேட்டீரே?" என்றாள் வசந்தமலர்.