மூன்று என்று சொன்னவன்

கடல் கடந்து வந்து லிட்கம் என்ற இடத்தில் நான் வேலை செய்த இரும்புத் தொழிற்சாலையில் ஒரு தகட்டைத் தூக்குவதற்கும் மூன்றுவரை எண்ணுவார்கள். ஊரில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தாலே போதும், கை எழும்பிவிடும். இங்கே ஒருவன் பார்வை மற்றவனுக்கு விளங்காது. இத்தாலிக்காரன் ஜுசெப்பே ‘த்ரே’ என்பான். சிலியிலிருந்து வந்த ராமோன் ‘த்ரெஸ்’ என்பான். பக்கத்து மேசை மொரீஷியஸ்காரனுக்கு அது ‘த்ருவா’. எனக்கோ எல்லாம் அந்த மொழிகளுக்குத் தாயான லத்தீனின் ‘த்ரேஸ்’தான். யாழ்ப்பாணத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் பதினொரு வருடம் லத்தீன் படிப்பித்தவன் நான். பாடத்தை நிறுத்தியபோது என்னையும் நிறுத்தினார்கள். அந்தச் சொல்லை இங்கே கேட்டதும், இந்த நாட்டில் எனக்கும் சொந்தக்காரர் இருக்கிறார்கள் என்று பட்டது. ராமோன் என்னைப் ‘புரொபெசோர்’ என்று கூப்பிடத் தொடங்கினான்.

ஒரு செவ்வாய்க்கிழமை, வழக்கமாக எண்ணும் ஜுசெப்பேக்குத் தொண்டை கட்டியிருந்தது. கனத்த இரும்புத் தகட்டை மேசையில் இறக்கும்போது நான் எண்ணினேன். “ஊனுஸ், துவோ, த்ரேஸ்.” நானும் ராமோனும் சொல்லோடு கையை விட்டோம். மற்றவன் எண்ணினால் ஜுசெப்பே சொல் முடிந்த பிறகு விடுகிறவன். அது எங்களுக்குத் தெரியாது. அவனுடைய இரண்டு விரல்கள் தகட்டின் கீழே நசிந்தன.

அம்புலன்ஸ் போனபின் எங்கள் மேற்பார்வையாளரான போர்மன் ராமோனிடம் வந்து ஆங்கிலத்தில் கேட்டார். “எண்ணியது யார்? நீயா?”

ஆங்கிலம் அரைகுறையாக விளங்கும் ராமோன், எப்படி எண்ணினோம் என்று கேட்கிறார் என நினைத்து விரல்களை நீட்டினான். “யெஸ், யெஸ். ஊனோ, தோஸ், த்ரெஸ்.”

இரண்டு பக்கமும் விளங்கியவன் அங்கே நான் ஒருவன்தான். மனைவியின் கடிதம் சட்டைப் பையில் கிடந்தது. “உங்கட வேலைக் கடிதம் வந்தால்தான் எங்களுக்கு விசா. பிள்ளை ஒவ்வொரு நாளும் கேக்கிறாள்.” அந்த வேலைக் கடிதத்தில் கையெழுத்து வைக்க வேண்டியவர் இதே போர்மன். நான் வாய் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ராமோனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். மாலையில் லிட்கம் ரயில் நிலையத்தில் என்னைக் கண்டு ஓடி வந்தான்.

“புரொபெசோர், நான் என்ன பிழை செய்தேன்? யூ டெல் மீ.”

“தெரியாது” என்றேன்.

அவன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். “எனக்கு நாலு பிள்ளைகள்” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். ரயில் வந்ததும் ஏறிப் போனான். அதற்குப் பிறகு அவனை நான் காணவில்லை.

வேலைக் கடிதம் கிடைத்தது. ஆறு மாதத்தில் மனைவியும் மகளும் வந்து இறங்கினார்கள். விமான நிலையத்தில் நான் அழுததைக் கண்டு மனைவி கேட்டாள்.

“ஏன் அழுறியள்? நாங்கள் வந்திட்டம்தானே.”

“ஓம்” என்றேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் ரயில் லிட்கமில் நின்றது. அவர்கள் இருவரும் புது நாட்டைப் பார்க்க ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டார்கள். நான் உள்பக்கமாகத் திரும்பி இருந்தேன்.