அவர் பெயருக்கு நேரே நான் எழுதிய நாலு

என் சந்தேகப் புத்தியைப் பற்றி வீட்டில் கேட்டால் இன்றைக்கும் கதை கதையாகச் சொல்வார்கள். பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சிரித்தால் சட்டைப் பையைத் தடவிக்கொள்வேன். அப்படிப்பட்டவனைக் கூப்பிட்டு, பத்து ஆட்டக்காரர்கள் வரப்போகும் பருவத்தில் எப்படி ஆடுவார்கள் என்று முன்கூட்டியே எழுதித் தரச் சொன்னார் தோட்டத்து உதவி மானேஜரான ஒரு சின்னத்துரை. நானும் மறுக்காமல் எழுதித் தந்தேன்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்து ஆபீசில் நான் சின்னக் கிளாக்கர். சீமையிலிருந்து புதிதாக வந்த அந்தச் சின்னத்துரைக்குக் கூடைப்பந்துப் பைத்தியம். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அந்த ஸ்டோரை ஒட்டிய பெரட்டுக் களத்தில், காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கிற அதே இடத்தில், இரண்டு கம்பம் நட்டு இரும்பு வளையம் மாட்டினார். “பொம்பளைகளுக்கு முதுகுல கூடை, ஆம்பளைகளுக்குத் தலைக்கு மேல கூடை” என்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒரே கேலி.

மலையில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தவர்களில் உயரமும் வேகமும் பார்த்துப் பத்துப் பேரைப் பொறுக்கி ஸ்டோர் வேலைக்கு எடுத்தார். பேருக்குத் தேயிலைப் பெட்டி அடைப்பார்கள். உண்மையான வேலை பந்துதான். நாலு மணிக்கு மேல் பயிற்சி. தை, மாசியில் மழை விட்டதும் வட்டவளைப் பக்கத்துத் தோட்டம், பொகவந்தலாவைத் தோட்டம், கினிகத்தேனைக் கடைவீதிப் பையன்கள் என்று ஒவ்வொரு கூட்டத்தோடும் மோதுவார்கள். பந்து போடத் தெரிந்த ஒரே காரணத்தால் அந்தப் பத்துப் பேருக்கும் வேலை நேரத்தில் தலைக்கு மேல் ஒரு கூரை கிடைத்திருந்தது. அதைவிடப் பெரிய விஷயம், ஸ்டோர் லயத்தில் குடும்பத்துக்கு ஒரு காம்பிரா, தனி அறை. மேல் லயத்திலோ ஒரே காம்பிராவில் நடுவே சாக்கைத் தொங்கவிட்டு இரண்டு குடும்பம் இருக்கும்.

பத்துப் பேரில் ஒருவரை உயரக்காரர் என்று வைத்துக்கொள்வோம். இப்போதுதான் ‘அவர்’ போடுகிறேன்; அன்றைக்கு ‘அவன்’தான். போன பருவத்தில் ஆட்டத்துக்கு எட்டு, ஒன்பது தடவை வளையத்துக்குள் போட்டவர் அவர். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மனைவி கொழுந்து எடுப்பவர், ஆறு மாதக் கர்ப்பம்.

கார்த்திகை மாதம் சின்னத்துரை என்னைக் கூப்பிட்டார். பத்துப் பேரில் யார் யார் வரும் பருவத்தில் ஆட்டத்துக்கு எத்தனை போடுவார்கள் என்று கணித்து எழுது என்றார். ஸ்டோரில் இனி எட்டுப் பேருக்குத்தான் இடமாம். கடைசி இரண்டு பேர் மலைக்குத் திரும்ப வேண்டுமாம். இதை ஆட்டக்காரர்களிடம் சொல்லலாமா என்று அவரே கேட்டார். வேண்டாம் என்றேன் நான். சொன்னால் எனக்காக வேஷம் கட்டுவார்கள், உண்மையான கை தெரியாது என்று விளக்கம் வேறு கொடுத்தேன். அவருக்கு என் புத்தி ரொம்பப் பிடித்துப்போனது.

வேலையை ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். ஒரு முழுத்தாளில் கோடு போட்டு, வயது, உயரம், போன வருஷம் போட்டது, ஓட்டம், மூச்சு என்று பிரித்தேன். மார்கழிப் பனியில் தினமும் சாயங்காலம் ஸ்டோர் பக்கவாசலில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டு அதற்குப் பின்னால் நின்றேன். ஆளுக்குப் பத்துத் தடவை பந்து போடுவார்கள். விழுந்ததுக்கெல்லாம் பென்சிலால் ஒரு கோடு கிழிப்பேன். சாக்குக்குக் கீழே என் கால் சப்பாத்து தெரிந்துகொண்டிருந்தது என்பதைப் பிற்பாடுதான் சொன்னார்கள்.

மூன்றாம் நாளே எனக்கு நெஞ்சு குறுகுறுத்தது. கை குளிர்ந்த மனிதன் ஒரு நாள் மூன்று போடுவான், ஒரு நாள் ஏழு போடுவான். உயரக்காரர் பத்துக்கு ஐந்து. மறுநாளும் ஐந்து. அதற்கு மறுநாளும் ஐந்து. கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடிய பந்தை வளையத்தின் விளிம்பில் இடித்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். மற்றவர்களும் ஐந்து, ஆறுக்கு மேல் ஏறவில்லை. போன வருஷம் ஏழு போட்டவர்கள் எல்லாம் எங்கே போனார்கள்? இதில் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் கடைவீதியில் ஒரு முஸ்லிம் நானாவின் மளிகைக் கடைக்குப் போனேன். வாசல் பெஞ்சியில் உயரக்காரர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? வட்டவளைக் கூட்டத்தின் தலைவன்! இருவரும் சிரித்துப் பேசினார்கள். கொஞ்ச நேரத்தில் உயரக்காரரின் கைக்கு ஒரு பொட்டலம் வந்தது. என்னைப் பார்த்ததும் அதை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு எழுந்தார்.

“என்னப்பா, சாமான் வாங்க வந்தியா?” என்றேன்.

“ஆமாங்கையா, சும்மா கொஞ்சம் சரக்கு” என்றார். முகத்தில் ஒரு கூச்சம்.

எனக்கு அது போதுமாக இருந்தது. காசு வாங்கிக்கொண்டுதான் ஐந்தில் நிற்கிறான் என்று தீர்மானித்துவிட்டேன். ஆபீசுக்கு வந்து தாளை எடுத்தேன். கணக்குப்படி அவர் பெயருக்கு நேரே ஐந்துதான் வரவேண்டும். வளையத்தடியிலேயே கள்ளத்தனம் பண்ணுகிறவன் ஆட்டத்தில் இன்னும் குறைப்பான் என்று ஒன்றைக் கழித்து நாலு என்று எழுதினேன். அந்த நாலால்தான் அவர் பட்டியலின் அடியில் போனார்.

சின்னத்துரை பெயர்களையும் எண்களையும் மட்டும், எதற்கென்று சொல்லாமல் ஸ்டோர் கதவில் ஒட்டினார். பத்துப் பேரும் வந்து பார்த்துவிட்டு ஏறக்குறைய சந்தோஷமாகவே போனார்கள். அதுவும் எனக்குச் சந்தேகமாக இருந்தது. தை பிறந்த நாலாம் நாள், மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா பெரட்டில் உயரக்காரரையும் இன்னொருவரையும் கவ்வாத்து மலைக்குப் பிரித்துவிட்டார். காரணம் சொல்லவில்லை. தோட்டத்தில் யாருக்கும் காரணம் சொல்லும் வழக்கம் கிடையாது. ஸ்டோர் லயத்துக் காம்பிராவையும் காலி பண்ணச் சொன்னார்கள். புருஷனும் பெண்சாதியும் சட்டி பானையோடு மேல் லயத்துக்கு, அண்ணன் குடும்பம் ஆறு பேர் இருந்த காம்பிராவின் சாக்குக்கு அந்தப் பக்கம் போனார்கள்.

ஒரு வாரம் கழித்து அவர் மனைவி ஆபீஸ் வாசலுக்கு வந்தார். வயிறு நன்றாகத் தெரிந்தது.

“ஐயா, வேலையில ஒரு கொறையும் இல்லீங்களே. பந்துலயும் நீங்க எழுதுனதுக்குக் கொறையாப் போக மாட்டாங்களே. எதுக்குங்க மலைக்கு அனுப்பிட்டாங்க?”

“எழுதினதே குறைச்சல்தானேம்மா. குறைச்சலாப் போடுறவனை எதுக்கு ஸ்டோர்ல வச்சிருக்கணும்?”

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். “நீங்க எழுதுறதுதான் பேருக்குக் கணக்குன்னுல்ல நெனைச்சோம்? எட்டுன்னு எழுதிப்புட்டா ஏழு போட்டாலும் அரைப்பேருதானேங்க? அதுனாலதான் பத்துப் பேரும் பேசிக்கிட்டு கையக் கொறைச்சுக்கிட்டாங்க. ஐயா சாக்குக்குப் பின்னால நிக்கிறது எல்லாருக்கும் தெரியுமே.”

என் காது சூடாகிவிட்டது. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். இத்தனை றாத்தல் கொழுந்து எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். ஒருத்தி ஒரு நாள் ஆசையில் நாலு றாத்தல் கூட எடுத்துவிட்டால், அடுத்த மாதம் அந்த நாலும் எல்லார் தலையிலும் ஏறும். அதனால் வேகமான கைக்காரிகள்தான் எங்கே நிறுத்தவேண்டும் என்பதை நன்றாகத் தெரிந்து வைத்திருப்பார்கள். கங்காணி வீட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். கொழுந்துக் கணக்கை எத்தனை தடவை என் கையாலேயே ஏற்றி எழுதியிருக்கிறேன்! அப்படிப்பட்ட தோட்டத்தில் ஒரு கிளாக்கர் பென்சிலோடு ஒளிந்து நின்று எண்ணினால் ஜனங்கள் வேறு என்ன நினைப்பார்கள்?

“நானா கடையில உம் புருஷன் என்ன வாங்கினான்?” என்று அப்போதும் கேட்டேன். புத்தி போகுமா?

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “புள்ள பெத்தா அரைச்சுக் குடிக்கிற மருந்துச் சரக்குங்க.”

வெட்கத்தில் எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அன்றைக்கே சின்னத்துரையிடம் போனேன். முழு உண்மையையும் சொல்லியிருக்க வேண்டும். பொட்டலத்தைப் பார்த்து ஒன்றைக் கழித்தேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. என் வேலை போய்விடும் என்ற பயம். என் கணிப்பில் ஓர் எண் தப்பியிருக்கலாம் என்று மட்டும் இழுத்தேன். அவர் சிரித்தார். அடுத்த ஆட்டத்தில் அவனை இறக்கிப் பார்ப்போம், நாலுக்கு மேல் போட்டால் திரும்ப ஸ்டோருக்கு எடுத்துக்கொள்கிறேன், நாலேதான் என்றால் உன் எண் சரி என்றார்.

மறுநாள் காலையில் மலை ஏறினேன். பனியில் செடியெல்லாம் வெளுத்துக் கிடந்தது. உயரக்காரர் கத்தியைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

“நாலுக்கு மேல எத்தனை முடியுமோ அத்தனை போடு. துரை உன்னைத் திரும்ப எடுக்கிறேன்னு சொல்லிட்டாரு. காம்பிராவும் கிடைக்கும்.”

“கூடப் போட்டா அடுத்த வருசம் அதுதானேங்க கணக்கு? மத்தவங்களுக்கும் ஏத்திப்புடுவீங்களே.”

“இல்லப்பா. சத்தியமா இல்ல.”

என் சப்பாத்தை ஒரு தரம் பார்த்தார். “சரிங்கையா” என்றார்.

மாசி முதல் ஞாயிறு வட்டவளைக்காரர்கள் லாரியில் வந்து இறங்கினார்கள். களத்தைச் சுற்றித் தோட்டமே கூடி நின்றது. உயரக்காரரின் மனைவி தண்ணீர் பிடிக்கிற பீலிப் பக்கம் இடுப்பில் கைவைத்து நின்றார். பாதி ஆட்டம் முடிவதற்குள் உயரக்காரர் நாலு போட்டுவிட்டார். ஒவ்வொன்றும் வளையத்தில் படாமல் இறங்கியது. இன்னும் ஒன்று, ஒன்றே ஒன்று என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஜென்மத்தில் எந்தச் சாமியையும் அப்படிக் கும்பிட்டதில்லை.

இரண்டாம் பாதியில் அவர் வளையத்தை நிமிர்ந்தே பார்க்கவில்லை. பந்து வரும், பிடிப்பார், பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுப்பார். கடைசியில் வளையத்துக்கு நேர் கீழே பந்தோடு தனியாக நின்றார். கிட்டத்தில் ஒரு வட்டவளைக்காரன்கூட இல்லை. “போடுய்யா!” என்று தோட்டமே கத்தியது. அவர் மனைவியும் கத்தினார். அவர் திரும்பி, தூரத்தில் நின்ற இன்னொருவருக்குப் பந்தை எறிந்தார். அது தவறியது. ஒரே ஒரு கூடையில் நாங்கள் தோற்றோம்.

சின்னத்துரைக்குத் தோற்ற வருத்தம்கூட இல்லை. என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்படியே சரியாக வந்துவிட்டது, அடுத்த வருஷமும் நீதான் எழுத வேண்டும் என்றார். உயரக்காரர் மறுநாள் கவ்வாத்துக்குப் போனார். அந்த மாசிக் கடைசியில் மேல் லயத்தில் சாக்குக்குப் பின்னால் குழந்தை பிறந்தது, பெண் குழந்தை.

அந்த வட்டவளை ஆட்டம் முடிந்து எல்லாரும் கலைந்துகொண்டிருந்தபோது உயரக்காரர் என்னிடம் வந்திருந்தார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே, “நீங்க எழுதுனது சரியா வந்துருச்சுங்களா, ஐயா?” என்று கேட்டார். பயந்து கேட்டாரா, என் கன்னத்தில் அறைவதற்காகக் கேட்டாரா என்று இத்தனை வருஷமாகச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருக்கிறேன்.

“சரியா வந்துருச்சுப்பா” என்றேன்.