புட்டுக் குழைத்த தோள்

யாழ்ப்பாணத்திலிருந்து 1995இல் மெல்பேர்ன் வந்த கமலினி, ரோவில் புறநகரில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர். 2006 ஏப்ரலில் அங்கே ஊழியர்களுக்கு ஃப்ளூ தடுப்பூசி போட்டார்கள். விருப்பம் உள்ளவர்கள் மட்டும் போடலாம் என்று சுவரில் எழுதியிருந்தது. விருப்பம் இல்லாதவர்களுக்கு அடுத்த வாரம் வேலை இல்லை என்பதை எழுத மறந்துவிட்டார்கள்.

ஊசி போட வந்த தாதி ஒரு மணி நேரத்தில் நாற்பது பேரை முடிக்க வேண்டும். சட்டைக் கையைச் சுருட்ட ஏது நேரம்? கழுத்துப் பக்கம் துணியை இழுத்து, மேற்கைத் தசையில் போட வேண்டியதைக் கமலினியின் தோள் உச்சியிலேயே குத்தினாள்.

அன்று மாலையே கை கனத்தது. கமலினி பிடிவாதமாக நின்று விபத்துப் பதிவேட்டில் எழுதுவித்தாள். மூன்று மாதமாகியும் கணவர் சிறிதரன்தான் சட்டை மாட்டிவிட்டார். ஸ்கேனில் மூட்டுக்குள் வீக்கம் தெரிந்தது. அவள் நட்டஈடு கேட்டு மனுப் போட்டாள்.

இல்லத்தின் காப்புறுதி நிறுவனம் பெரிய மனதோடு தன் செலவிலேயே ஒரு மருத்துவ நிபுணரிடம் அவளை அனுப்பியது. அவர் அவளைப் பார்த்தது எட்டு நிமிடம். அதில் ஆறு நிமிடம் அவளுடைய சமையலைப் பற்றி.

"வீட்ல மாவு பிசைவீங்களான்னு கேக்கிறார்," என்றாள் மொழிபெயர்ப்பாளர் வேதவல்லி. அவள் சென்னைக்காரி.

"ஓம், புட்டுக்குக் குழைக்கிறனான்."

நிபுணரின் முகம் மலர்ந்தது. காரணம் வீட்டுச் சமையலும் நாற்பத்தேழு வயதும் என்று அறிக்கை எழுதினார். மனு நிராகரிக்கப்பட்டது.

"விடுமப்பா, அவங்களோட ஏலாது," என்றார் சிறிதரன்.

"ஏலாதது கைக்குத்தான். வாய்க்கு ஒண்டுமில்லை."

அவள் மேல்முறையீடு செய்தாள். சமரசக் கூட்டத்தில் காப்புறுதி நிறுவனத்து ஆள் அந்த அறிக்கையை வேதவாக்குப் போல வாசித்தார். கமலினி பொறுமையாகக் கேட்டுவிட்டு, அங்கும் மொழிபெயர்க்க வந்திருந்த வேதவல்லியிடம் திரும்பினாள்.

"தங்கச்சி, இவருக்குச் சொல்லுங்கோ. நான் புட்டுக் குழைக்கிறது வலக்கையாலை. ஊசி குத்தினதும் நோகிறதும் இடக்கை."

சமரச அதிகாரி அறிக்கையை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். எந்தக் கைப் பழக்கம் என்று நிபுணர் கேட்ட அடையாளமே இல்லை. பிறகு விபத்துப் பதிவேட்டின் தேதியைப் பார்த்தார்; ஊசி போட்ட அதே நாள். நிறுவனத்து ஆள் தண்ணீர் குடித்தார்.

சிகிச்சைச் செலவும் இழந்த சம்பளமும் கிடைத்தன. தவறு எதையும் ஒப்புக்கொள்ளவில்லை என்று நிறுவனம் தடித்த எழுத்தில் சேர்த்துக்கொண்டது. பதினான்கு மாதப் பயிற்சிக்குப் பிறகு கை காதுவரை உயர்ந்தது. அதற்குமேல் மறுத்துவிட்டது.

2008இல் கிரான்பர்ன் புறநகரில் ஒரு பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். மேல்தட்டுச் சாமான்களை யாராவது எடுத்துக் கொடுக்க வேண்டும். கேட்பதற்கு அவள் கூச்சப்படுவதில்லை.